பரிணாமப் பாடத்தைத் திருப்பித் தாருங்கள்: எங்கள் கடற்கரைப் பள்ளியின் நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தாளாளர், முதல்வர், நிர்வாகக் குழு உறுப்பினர்கள் அவர்களுக்கு,

இந்தக் கல்வியாண்டின் முதல் பருவத்தில் நீங்கள் பெற்றோருக்கு அனுப்பிய சுற்றறிக்கையைப் பற்றி எழுதுகிறேன். பத்தாம் வகுப்பு மாணவர்களுக்குப் பரிணாமம் குறித்து இனி எந்த வகுப்பும் எடுக்கப்படாது என்றும், பன்னிரண்டாம் வகுப்பில் அதே தலைப்பில் உள்ள பாடத்தை மாணவர்கள் தாமாகவே படித்துக்கொள்ள வேண்டும் என்றும், உயிரியல் ஆய்வகச் சுவரில் இருந்த எலும்புப் படம் அகற்றப்படும் என்றும் அதில் அறிவித்திருந்தீர்கள். பத்தாம் வகுப்புப் பாடத்திட்டத்தில் அது இல்லை, பெற்றோர் சிலரின் நம்பிக்கை புண்படுகிறது என்று இரண்டு காரணங்களைச் சொல்லியிருந்தீர்கள். அந்த வாரமே படம் கழற்றப்பட்டது. அதற்கடுத்து, காலை வழிபாட்டுக் கூட்டத்துக்கு நீங்கள் அழைத்து வந்த பேச்சாளர் ஒருவர், டார்வின் சொன்னது பொய் என்பதை உலகம் முழுவதும் ஒப்புக்கொண்டுவிட்டது என்று எல்லா வகுப்புப் பிள்ளைகளின் முன்னிலையிலும் ஒலிபெருக்கியில் பேசினார். பத்தாம் வகுப்புக்கு இந்தப் பாடத்தைத் தாமே முன்வந்து எடுத்துக்கொண்டிருந்த உயிரியல் ஆசிரியை இப்போது ஆறாம் வகுப்புக்கு மட்டும் அனுப்பப்படுகிறார்.

என் மகள் உங்கள் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பிலும், என் மகன் பத்தாம் வகுப்பிலும் படிக்கிறார்கள். கடற்பாசி எடுத்துப் பிழைத்த ஒரு பெண்ணின் மகள் நான். விலங்கியலில் இளங்கலைப் பட்டம் பெற்று, இன்று குடும்பத்தின் மீன் வணிகத்துக்கு ஏலக்கூடத்தில் கணக்கு எழுதுகிறேன். அலுவலகத்துக்கு நேரில் வந்து கேட்டபோது எழுதித் தரச் சொன்னார்கள். எழுதிக் கொடுத்த கடிதத்துக்குப் பதில் வரவில்லை. ஆகவேதான் இதை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். பள்ளியின் பெயரையோ ஆசிரியையின் பெயரையோ குறிப்பிடவில்லை. உங்களை அவமானப்படுத்துவது என் நோக்கமன்று. இதே முடிவை எடுக்க யோசித்துக்கொண்டிருக்கும் வேறு நிர்வாகங்களும் தொண்டி முதல் மூக்கையூர் வரை இருக்கக்கூடும் என்பதும் ஒரு காரணம்.

முதலில் அந்தப் படத்தைப் பற்றி. அதை ஆசிரியையின் மேற்பார்வையில் மாணவர்களே வரைந்தார்கள். அதில் இருந்தவை நான்கு முன்னங்கைகள்: மனிதனின் கை, வௌவாலின் இறக்கை, ஓங்கலின் (டால்பினின்) துடுப்பு, ஆவுளியா என்ற கடற்பசுவின் துடுப்பு. நான்கிலும் மேற்கையில் ஓர் எலும்பு, முன்கையில் இரண்டு எலும்புகள், மணிக்கட்டில் சிற்றெலும்புகளின் கூட்டம், அதன்பின் விரல்கள். ஒன்று பறக்கிறது, இரண்டு நீந்துகின்றன, ஒன்று பேனா பிடிக்கிறது. செய்யும் வேலை வெவ்வேறாக இருந்தும் அமைப்பு ஒன்றாகவே இருக்கிறது. நம்பிக்கையைப் புண்படுத்துவதாகச் சொல்லப்பட்ட அந்தப் படத்தில் குரங்கே இல்லை என்பதை உங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

அந்தப் படத்தில் உள்ளதை நான் புத்தகத்தில் மட்டும் பார்த்தவள் அல்லள். எங்கள் கரையில் இறந்து ஒதுங்கிய ஓர் ஆவுளியாவை வனத்துறையினர் உடற்கூறாய்வு செய்தபோது அருகில் நின்றிருக்கிறேன். துடுப்பின் தோல் விலக்கப்பட்டதும் உள்ளே தெரிந்தவை ஐந்து விரல்களின் எலும்புகள். கூடியிருந்த பெண்களில் ஒருவர், "கடல்ல கெடக்குறதுக்கு எதுக்குத்தா விரலு?" என்று கேட்டார். டார்வின் பெயரை ஒருநாளும் கேட்டிராத அந்தப் பெண்மணி கேட்டதுதான் பரிணாம உயிரியலின் நடுவில் நிற்கும் கேள்வி. அதற்கு விடையும் இருக்கிறது. ஆவுளியாவின் முன்னோர் நிலத்தில் நடந்த நாற்கால் விலங்குகள். நன்கு நடக்கக்கூடிய நான்கு கால்களோடு, சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த கடற்பசு இனம் ஒன்றின் எலும்புகள் ஜமைக்காவில் கிடைத்திருக்கின்றன. இன்று உயிரோடு இருக்கும் விலங்குகளில் ஆவுளியாவுக்கு மிக நெருங்கிய உறவினர்களில் ஒன்று யானை. இரண்டுக்கும் பால்மடி முன்னங்கால்களின் அருகில் அமைந்திருப்பது எங்கள் ஊர் முதியவர்களுக்குத் தெரியும்; ஏன் அப்படி என்பதைச் சொல்ல வேண்டிய இடம் பள்ளிக்கூடம்.

எங்கள் பிள்ளைகளுக்குக் கடலில் உள்ளவற்றின் பெயர்கள் தெரியும், அவற்றின் உறவுமுறை தெரியாது. காரலையும் சூடையையும் முரலையும் திருக்கையையும் கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். திருக்கைக்கும் சுறாவுக்கும் என்ன உறவு, கணவாய்க்கும் சங்குக்கும் என்ன உறவு, ஓங்கல் ஏன் மீனின் உறவு அன்று என்று கேட்டால் விழிப்பார்கள். பெயர்களை வீடு கற்றுத்தந்துவிட்டது. உறவைக் கற்றுத்தரும் பாடம் ஒன்றே ஒன்றுதான், அதைத்தான் நீங்கள் எடுத்துவிட்டீர்கள். என் குறை இதுவே. இந்த மடலில் மற்றவை எல்லாம் இதற்கு விளக்கம்.

பாடத்திட்டத்தில் இல்லை என்கிறீர்கள். அது உண்மை. ஆனால் அது எப்படி இல்லாமல் போனது என்பதையும் பெற்றோருக்குச் சொல்லியிருக்க வேண்டும். நம் பள்ளி பின்பற்றும் தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுவின் (என்.சி.இ.ஆர்.டி.) பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் மரபும் பரிணாமமும் ஒரே பாடமாக இருந்தன. பெருந்தொற்றுக் காலத்தில் பாடச்சுமையைக் குறைப்பதற்காக என்று சொல்லிப் பரிணாமப் பகுதி விலக்கப்பட்டது. பள்ளிகள் திறந்து சுமை பழைய நிலைக்குத் திரும்பிய பிறகும் அது திரும்பவில்லை, 2023இல் அச்சான நூலில் மரபு மட்டுமே எஞ்சியது. அந்த ஏப்ரலில் 1,800க்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் கையெழுத்திட்டு அதை மீண்டும் சேர்க்கக் கோரினார்கள். பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கிறதே என்று பதில் சொல்லப்பட்டது. பதினோராம் வகுப்பில் உயிரியல் எடுக்காத பிள்ளைக்குப் பன்னிரண்டாம் வகுப்பு உயிரியல் நூலால் என்ன பயன்? வணிகவியலும் கணினியும் எடுத்துச் செல்லும் மாணவர்கள் வாழ்நாளில் ஒருமுறைகூட இந்தப் பாடத்தைச் சந்திக்காமல் பட்டம் பெற்று வெளியேறுவார்கள். உங்கள் ஆசிரியை தம் ஓய்வு நேரத்தை ஒதுக்கிச் செய்துவந்தது அந்த இடைவெளியை நிரப்பும் வேலை. பாடத்திட்டம் ஒன்றை விலக்கியது என்பதற்கும், பள்ளி அதைத் தடை செய்தது என்பதற்கும் இடையே உள்ள தூரத்தை உங்கள் சுற்றறிக்கை ஒரே வரியில் தாண்டிவிட்டது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டு மாநிலப் பாடநூலில் உயிரின் தோற்றமும் பரிணாமமும் பத்தாம் வகுப்பிலேயே ஒரு முழு அலகாக இருக்கிறது. நம் தெருக்கோடியில் உள்ள அரசுப் பள்ளியில் கட்டணம் இல்லாமல் படிக்கும் பிள்ளைக்குக் கிடைப்பது, கடன் வாங்கிக் கட்டணம் கட்டும் என் மகனுக்குக் கிடைக்கவில்லை. இந்தப் பள்ளியில் சேர்த்தபோது எங்களுக்குக் கொடுக்கப்பட்ட வாக்கு இதற்கு நேர் எதிரானது.

பன்னிரண்டாம் வகுப்பில் தாமாகப் படித்துக்கொள்வது குறித்து ஒரு வார்த்தை. நீட் தேர்வுக்கான பாடத்திட்டத்தில் பரிணாமம் இருப்பதால், பயிற்சி மையத்தில் அதைப் படித்துக்கொள்வார்கள் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். படிக்கத்தான் செய்கிறார்கள். என் மகள் ஹார்டி-வெயின்பெர்க் சமன்பாட்டைத் தூக்கத்தில் கேட்டாலும் ஒப்பிப்பாள். அது எதைக் கணக்கிடுகிறது என்று கேட்டேன். தேர்வில் அப்படிக் கேட்க மாட்டார்கள் என்றாள். ஓர் உயிர்க்கூட்டத்தில் இயற்கைத் தேர்வோ இடப்பெயர்வோ சடுதி மாற்றமோ எதுவும் நிகழாவிட்டால் மரபணுக்களின் விகிதம் தலைமுறைதோறும் மாறாமல் நிற்கும் என்பதே அந்தச் சமன்பாடு. அது மாறுவதைக் கண்டால் அங்கே ஏதோ நடக்கிறது என்று பொருள். ஆசிரியர் பத்து நிமிடம் பேசியிருந்தால் போதும்.

இனி, பரிணாமத்தை யார் கண்ணால் பார்த்தார்கள் என்ற கேள்வி. உங்கள் பேச்சாளர் இதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார் என்று பிள்ளைகள் சொன்னார்கள். 2018 ஜனவரியில் மத்திய இணையமைச்சர் ஒருவரும் இதையே கேட்டார். குரங்கு மனிதனாக மாறியதை யாரும் பார்த்ததில்லை, ஆகவே பாடத்தை மாற்ற வேண்டும் என்றார். நாட்டின் மூன்று அறிவியல் கழகங்களும் ஒன்றுசேர்ந்து அறிக்கை விட்டு அதை மறுத்தன. இன்றுள்ள குரங்கு எதுவும் மனிதனாக மாறியதாக எந்த உயிரியலாளரும் சொல்லவில்லை. நாமும் சிம்பன்சியும் ஒரே பாட்டன் வழிவந்த பங்காளிகள். அந்தப் பாட்டனின் கிளைகள் பிரிந்து ஏறக்குறைய 60 முதல் 70 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. பங்காளி வீடு இன்னும் இருக்கிறதே, அப்படியானால் நாங்கள் எப்படித் தோன்றினோம் என்று எவரும் கேட்பதில்லை.

கண்ணெதிரே நடக்கும் மாற்றத்துக்கும் சான்று வேண்டுமானால், உங்கள் குழுவில் இறால் பண்ணை வைத்திருப்பவர்களையே கேளுங்கள். 2009இல் நம் நாட்டில் வணிக வளர்ப்புக்கு அனுமதிக்கப்பட்ட வனாமி இறால் பசிபிக் பெருங்கடலின் அமெரிக்கக் கரையைச் சேர்ந்தது. பொரிப்பகங்கள் வெளிநாட்டிலிருந்து வாங்கும் தாய் இறால்கள், வேகமாக வளர்பவற்றையே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து இனவிருத்தி செய்து உருவாக்கப்பட்டவை. மனிதன் தேர்ந்தெடுத்தால் சில பத்தாண்டுகளில் ஓர் உயிரின் வளர்ச்சியே மாறுகிறது என்பதை நம்பித்தான் அவர்கள் பணத்தைப் போடுகிறார்கள். தேர்ந்தெடுக்கும் வேலையை உணவுப் பஞ்சமும் நோயும் எதிரியும் கோடிக்கணக்கான ஆண்டுகள் செய்தால் என்ன ஆகும் என்பதே டார்வின், வாலஸ் ஆகிய இரு இயற்கையியலாளர்களின் பெயரில் 1858இல் ஒரே கூட்டத்தில் வாசிக்கப்பட்ட கருத்து. குளத்தில் ஏற்றுக்கொள்வதை வகுப்பறையில் மறுப்பது எனக்கு விளங்கவில்லை. கொரோனா கிருமி டெல்டாவாகவும் ஓமிக்ரானாகவும் மாறியதை இந்தத் தலைமுறைப் பிள்ளைகள் செய்தியில் பார்த்தே வளர்ந்தார்கள். அதற்கு மேல் விளக்கத் தேவையில்லை.

நாக்கு மீனைப் பற்றிச் சற்று விரிவாக எழுத விரும்புகிறேன், ஏனெனில் இந்தப் பாடத்தை எப்படி நடத்த வேண்டும் என்பதற்கு அதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. ஏலக்கூடத்தில் நாள்தோறும் கூடைகூடையாக வரும் அந்த மீனின் இரண்டு கண்களும் ஒரே பக்கத்தில் இருக்கும். குஞ்சாக இருக்கும்போது மற்ற மீன்களைப் போலவே பக்கத்துக்கு ஒரு கண். வளர வளர ஒரு கண் தலையைச் சுற்றி நகர்ந்து மறுபக்கம் வந்துவிடும், மீன் மணலில் ஒருக்களித்துப் படுத்துக்கொள்ளும். 1871இல் மிவார்ட் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர் இதையே டார்வினுக்கு எதிராக எடுத்து வைத்தார்: கண் பாதி வழி நகர்ந்து நின்றால் அந்த மீனுக்கு என்ன லாபம், லாபம் இல்லாத இடைநிலை எப்படி நிலைத்திருக்க முடியும்? நேர்மையான கேள்வி அது. டார்வின் அதை ஒதுக்கித் தள்ளவில்லை. அடுத்த ஆண்டு வந்த தம் 'உயிரினங்களின் தோற்றம்' நூலின் ஆறாம் பதிப்பில் பல பக்கங்கள் ஒதுக்கிப் பதில் எழுதினார். ஆனால் இடைநிலை மீனை அவரால் காட்ட முடியவில்லை. இத்தாலியின் போல்கா என்ற இடத்தில் கிடைத்து ஐரோப்பிய அருங்காட்சியகங்களில் நெடுங்காலமாகக் கிடந்த, சுமார் 5 கோடி ஆண்டுப் பழைமையுள்ள புதைபடிவங்களை மேட் ஃபிரீட்மன் என்ற ஆய்வாளர் மீண்டும் ஆராய்ந்து 2008இல் வெளியிட்டார். முழு வளர்ச்சி அடைந்த அந்த மீன்களில் ஒரு கண் மேல்நோக்கி நகர்ந்திருந்தது, ஆனால் மறுபக்கத்தைத் தொடவில்லை. கேள்வி எழுந்து 137 ஆண்டுகளுக்குப் பின் விடை பாறையிலிருந்து வந்தது.

பரிணாமத்துக்கு எதிரான கேள்விகளை மறைக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை என்பது இதிலிருந்து உங்களுக்குப் புரிய வேண்டும். மிவார்ட் கேட்டதைப் போல வகுப்பில் கேட்கட்டும். அவர் ஒரு கத்தோலிக்கர் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். கேள்விக்கு விடை தேடும் வழியையும் அதே வகுப்பில் காட்டுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். காலைக் கூட்டத்தில் ஒருவர் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு முடிவைச் சொல்லிவிட்டுப் போவதும், மறுகேள்வி கேட்கப் பிள்ளைகளுக்கு அங்கே வாய்ப்பில்லாமல் இருப்பதும் கல்வி அன்று.

குருசடைத் தீவைப் பற்றியும் ஒரு பத்தி எழுதாமல் விட மனமில்லை. பாம்பனுக்கு அருகில், மன்னார் வளைகுடாக் கடல்சார் தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் ஒன்றாக இருக்கும் அந்தச் சின்னத் தீவின் பெயர் இந்தியாவில் விலங்கியல் படித்த எல்லோருக்கும் தெரியும். மணலில் வளை தோண்டி வாழும் பலனோகிளாசஸ் என்ற ஏகோர்ன் புழு அங்கே கிடைப்பதுதான் காரணம். பார்வைக்குப் புழு, ஆனால் தொண்டைப் பகுதியில் மீன்களுக்கும் நம் கருவுக்கும் இருப்பது போன்ற செவுள் பிளவுகள் உண்டு. அதன் இளவுயிரியை 19ஆம் நூற்றாண்டில் முதலில் கண்டவர்கள் நட்சத்திர மீனின் இளவுயிரி என்றே எண்ணினார்கள், அவ்வளவு ஒற்றுமை. முதுகெலும்புள்ளவற்றின் கூட்டத்துக்கும் நட்சத்திர மீனின் கூட்டத்துக்கும் இடையே உள்ள பழைய உறவை அந்தப் புழு காட்டுகிறது. எங்கெங்கோ இருக்கும் கல்லூரிகளிலிருந்து மாணவர்கள் நம் கரைக்குப் பயணம் வந்ததற்கு அது ஒரு காரணம். படகில் சிறிது நேரத்தில் போய்ச் சேரக்கூடிய தொலைவில் வாழும் பிள்ளைகளுக்கு அதன் பெயர்கூடச் சொல்லப்படவில்லை என்றால் அது வெட்கப்பட வேண்டிய செய்தி.

நம்பிக்கை பற்றிய உங்கள் இரண்டாவது காரணத்துக்கு வருகிறேன். இந்தக் கரையில் கோயிலும் தர்காவும் தேவாலயமும் அடுத்தடுத்த ஊர்களில் இருக்கின்றன. ஒலிபெருக்கி எத்தனை மணிக்கு நிறுத்துவது என்பதில் உடன்படாத மூன்று தரப்புப் பெற்றோரும் இந்த எலும்புப் படத்தை எதிர்ப்பதில் ஒன்றுபட்டார்கள் என்று கேள்விப்பட்டபோது, ஒற்றுமைக்கு நல்ல காரணம் ஒன்றும் கிடைக்கவில்லையா என்றுதான் நினைத்தேன். நான் சாமி கும்பிடுபவள். கும்பிடுவதால் எலும்பின் எண்ணிக்கை மாறிவிடாது. கத்தோலிக்கத் திருச்சபையின் தலைவராக இருந்த இரண்டாம் ஜான் பால் 1996இல் போப்பாண்டவரின் அறிவியல் கழகத்துக்கு எழுதிய செய்தியில், பரிணாமம் வெறும் கருதுகோள் என்ற நிலையைத் தாண்டிவிட்டது என்று ஒப்புக்கொண்டார். போப் பிரான்சிஸ் 2014இல் படைப்பும் பரிணாமமும் முரண்பட்டவை அல்ல என்றார். தங்கச்சிமடத்தில் ஒரு பெற்றோருக்கு வத்திக்கானைவிடக் கடுமையான நிலைப்பாடு இருக்கலாம், அது அவருடைய உரிமை. அந்த உரிமை என் மகனின் வகுப்பறைச் சுவர் வரை நீளாது.

எதிர்ப்பவர்களைவிட, ஆதரிப்பதாகச் சொல்லிக்கொண்டு வருபவர்களிடம் எனக்கு அச்சம் அதிகம். மச்சம், கூர்மம், வராகம், நரசிம்மம் என்று தசாவதாரத்தை வரிசைப்படுத்தி, டார்வினுக்கு முன்பே நமக்கு இது தெரியும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். 2019இல் ஜலந்தரில் நடந்த இந்திய அறிவியல் மாநாட்டு மேடையிலேயே ஒரு துணைவேந்தர் அப்படிப் பேசினார். தமிழ்ப்பற்று உள்ளவர்கள் அதே வேலையை மாணிக்கவாசகரின் வரிகளைக் கொண்டு செய்வார்கள். ஓர் உயிர் பல பிறவிகள் எடுத்து இளைத்ததை இறைவனிடம் முறையிடும் பாடல் அது. உயிரினங்களின் வரலாற்றைச் சொல்வது அதன் வேலை அன்று. அப்படிச் சொல்ல வைப்பதால் பாடலுக்கும் பெருமை இல்லை, அறிவியலுக்கும் பயன் இல்லை. தமிழ் மண்ணுக்குப் பெருமை தேடுவதாக இருந்தால் அதற்கு நேரான வழி உண்டு. 1863இல் பல்லாவரத்தில் பிரிட்டிஷ் புவியியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு கற்கருவியை எடுத்த நாளிலிருந்துதான் இந்தியாவின் பழைய கற்காலம் பற்றிய ஆய்வே தொடங்குகிறது. சென்னைக்கு அருகிலுள்ள அதிரம்பாக்கத்தில் தொல்லியலாளர் சாந்தி பப்புவின் குழு அகழ்ந்தெடுத்த கைக்கோடரிகள் குறைந்தது 10 லட்சம் ஆண்டுகள், 15 லட்சம் ஆண்டுகள் வரைகூடப் பழைமையானவை என்று 2011இல் அறிவிக்கப்பட்டது. நம் இனமான ஹோமோ சேப்பியன்ஸுக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய சான்றுகளே ஏறத்தாழ 3 லட்சம் ஆண்டுகள்தாம். அப்படியானால் அதிரம்பாக்கத்தில் கல்லைச் செதுக்கிய கை யாருடையது? இந்தக் கேள்வியை ஒரு பத்தாம் வகுப்பில் கேட்டுப் பாருங்கள், மணி அடித்தாலும் பிள்ளைகள் எழுந்து போக மாட்டார்கள்.

ஓங்கலும் சேர்ந்த திமிங்கிலக் கூட்டத்தின் மூதாதையரைத் தேடும் கதையிலும் நம் நாட்டுக்கு இடம் உண்டு. இந்தியப் புவியியலாளர் ஏ. ரங்க ராவ் ஜம்மு காஷ்மீரின் காலாகோட் பகுதியில் சேகரித்து வைத்த பாறைகள், அவர் மறைவுக்குப் பின் ஆய்வாளர் தெவிசனிடம் சேர்ந்தன. அவற்றிலிருந்து வெளிப்பட்ட இந்தோஹியஸ் என்ற பூனையளவு விலங்கின் காதெலும்பு திமிங்கிலங்களின் காதெலும்பைப் போலத் தடித்திருந்ததை 2007இல் வெளியிட்டார்கள். குஜராத்தின் கட்ச் பகுதியிலும் 4 கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழந்திமிங்கில எலும்புகள் கிடைத்திருக்கின்றன. ஓங்கல் துள்ளும்போது வாலை மேலும் கீழும் அடிப்பதையும், மீன் இடமும் வலமுமாக அடிப்பதையும் எங்கள் பிள்ளைகள் நாட்டுப்படகிலிருந்து பார்க்கிறார்கள். ஓடும் நாயின் முதுகு வளைவதைப் போலவே ஓங்கலின் முதுகும் வளைகிறது என்பதைச் சொல்ல ஓர் ஆசிரியை இருந்தார்.

கலாம் அவர்களின் படத்தை வாசலில் மாட்டியிருக்கும் பள்ளி இப்படிச் செய்யலாமா என்று எழுதும்படி நண்பர்கள் சொன்னார்கள். இந்த மாவட்டத்தில் எல்லாப் பள்ளிகளும் மாட்டியிருக்கின்றன என்பதால் அதை விட்டுவிடுகிறேன். 1976இல் அரசியலமைப்பில் சேர்க்கப்பட்ட 51அ பிரிவு, அறிவியல் மனப்பான்மையையும் வினவும் உணர்வையும் வளர்ப்பது ஒவ்வொரு குடிமகனின் கடமை என்கிறது. அதை நீங்கள் அறிவீர்கள்.

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் டோவர் என்ற சிற்றூரில் நடந்ததை மட்டும் உங்கள் குழு ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும். 2004இல் அவ்வூர்ப் பள்ளி வாரியம், பரிணாமத்தில் குறைகள் உண்டு என்றும் உயிர்களை அறிவுள்ள ஒரு சக்தி வடிவமைத்தது என்னும் 'அறிவார்ந்த வடிவமைப்பு' என்ற மாற்று விளக்கம் உண்டு என்றும் ஓர் அறிக்கையை உயிரியல் வகுப்பில் வாசிக்க உத்தரவிட்டது. அறிவியல் ஆசிரியர்கள் வாசிக்க மறுத்தார்கள். நிர்வாகிகளே வந்து வாசித்தார்கள். பெற்றோர் பதினொரு பேர் நீதிமன்றம் சென்றார்கள். 2005 டிசம்பரில் நீதிபதி ஜான் ஜோன்ஸ், அது அறிவியல் அன்று, மதக் கருத்தே என்று தீர்ப்பளித்தார். தீர்ப்புக்கு முன்பே நடந்த தேர்தலில் அந்த வாரியத்தினர் தோற்றிருந்தார்கள். வழக்குச் செலவாக 10 லட்சம் டாலருக்கு மேல் அந்தச் சிற்றூரின் பள்ளி நிதியிலிருந்து போனது. நான் வழக்கு என்று மிரட்டவில்லை. நம் சட்டமும் வேறு, சூழலும் வேறு. முதலில் மறுத்தவர்கள் ஆசிரியர்கள் என்பதைத்தான் சுட்டிக்காட்ட விரும்பினேன். பாடம் தெரிந்தவரைக் கேட்காமல் பாடத்தைப் பற்றி முடிவெடுத்த நிர்வாகம் அது. உங்கள் சுற்றறிக்கை வருவதற்கு முன் பள்ளியின் அறிவியல் ஆசிரியர்களில் ஒருவரிடமாவது கருத்துக் கேட்கப்பட்டதா?

உங்களிடம் நான் கேட்பவை இவை.

அந்தச் சுற்றறிக்கையை எழுத்துமூலம் திரும்பப் பெறுங்கள். எலும்புப் படத்தை அது இருந்த சுவரிலேயே மாட்டுங்கள். சேதமாகியிருந்தால் மாணவர்களே மீண்டும் வரையட்டும், தாளுக்கும் வண்ணத்துக்கும் ஆகும் செலவை நான் தருகிறேன். பன்னிரண்டாம் வகுப்புப் பரிணாமப் பாடத்தை மற்றப் பாடங்களைப் போலவே முழு நேரமும் ஒதுக்கி ஆசிரியரைக் கொண்டு நடத்துங்கள். பத்தாம் வகுப்பில் மரபுப் பாடம் முடிந்ததும், தேர்வு மதிப்பெண் இல்லாவிட்டாலும், பரிணாமத்துக்கென்று முன்பு நடந்துவந்த வகுப்புகளை மீண்டும் நடத்த ஆசிரியர்களுக்கு அனுமதி தாருங்கள். தம் பிள்ளை அமர வேண்டாம் என்று கருதும் பெற்றோர் எழுதிக் கொடுத்தால் அந்தப் பிள்ளையை நூலகத்துக்கு அனுப்பலாம், அதில் எனக்கு மறுப்பில்லை.

ஆறாம் வகுப்புக்கு மாற்றப்பட்ட ஆசிரியையை மேல்நிலை வகுப்புகளுக்குத் திரும்பக் கொண்டுவாருங்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நல்ல ஆசிரியர் வேண்டாம் என்பது என் எண்ணமன்று. தண்டனையாகச் செய்யப்பட்ட மாற்றம் எல்லா ஆசிரியர்களையும் அஞ்ச வைத்திருக்கிறது, அதுதான் என் கவலை.

காலைக் கூட்டத்தில் அறிவியல் பற்றிப் பேச வெளியார் எவரையும் அழைக்கும் முன் பள்ளியின் அறிவியல் ஆசிரியர்களின் ஒப்புதலைப் பெறுங்கள். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் மண்டபத்தில் இருக்கிறது. அங்கிருந்து ஓர் ஆய்வாளரை அழைத்து, மாணவர்கள் கேள்வி கேட்கும்படியாக ஒரு கூட்டம் நடத்துங்கள். ஆண்டுக்கொரு முறை பத்தாம் வகுப்பை அங்குள்ள கடல்வாழ் உயிரினக் காட்சியகத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். பேருந்துக் கட்டணத்தைப் பெற்றோர் பகிர்ந்துகொள்வோம். படைப்பைப் பற்றி ஒவ்வொரு மதமும் சொல்வதை நன்னெறி வகுப்பில் தாராளமாகச் சொல்லுங்கள், மூன்று மதங்களுக்கும் அங்கே சம இடம் கொடுங்கள். உயிரியல் வகுப்பை உயிரியலுக்கே விட்டுவிடுங்கள்.

இவற்றைப் பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் அடுத்த கூட்டத்தின் பொருள்நிரலில் சேர்த்து, அரையாண்டுத் தேர்வு தொடங்கும் முன், ஏற்கிறீர்கள் என்றாலும் மறுக்கிறீர்கள் என்றாலும் காரணத்தோடு எனக்கு எழுத்தில் பதில் தாருங்கள். மறுப்பதானால், படத்தில் இருந்த நான்கு கைகளில் எது யாரைப் புண்படுத்தியது என்பதையும் அந்தப் பதிலில் குறிப்பிடுங்கள்.

இப்படிக்கு,
பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவனுக்கும் பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்திக்கும் தாய்,
பாம்பன்.